சப்பை மூக்கும் சித்திரை வெயிலும்

"அல்சேஷன், பொமரேனியன், நாட்டு நாய் எல்லாம் எழுதிவிட்டீர்கள். புல்டாக் மட்டும் என்ன பாவம் செய்தது?" என்று சில வாசகிகள் கேட்டிருக்கிறார்கள். ஒரு சகோதரியின் கேள்வி இன்னும் நேரடியாக இருக்கிறது. "பிறந்தநாளுக்குப் புல்டாக் குட்டிதான் வேண்டும் என்று என் பெண் ஒற்றைக் காலில் நிற்கிறாள். நம் ஊர் வெயிலுக்கு அது ஒத்துவருமா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் காரணம் சொல்லாத பதில் இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் செல்லாது. ஆகவே இந்த இதழில் புல்டாகின் தலை முதல் வால் வரை ஒரு சுற்று சுற்றி வருவோம். ஏற்கெனவே வளர்க்கிறவர்களுக்கும் உபயோகப்படும்.

அங்க லட்சணம்

இங்கிலீஷ் புல்டாக் உயரமான நாய் அல்ல. தோள் வரை அளந்தால் 14, 15 அங்குலம்தான். ஆனால் தூக்கிப் பாருங்கள், இடுப்புப் பிடித்துக்கொள்ளும்! ஆண் 25 கிலோ, பெண் 23 கிலோ என்பது பிரிட்டனில் உள்ள கென்னல் கிளப்பின் கணக்கு. கிட்டத்தட்ட ஒரு சிப்பம் அரிசி.

தலை பெரிது. மார்பு அகலம். முன்னங்கால்கள் விலகி நிற்கும், பின்பக்கம் ஒடுங்கியிருக்கும். அதனால்தான் அந்த அசைந்தாடும் நடை. கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டித் துருத்திக்கொண்டிருக்கும். மூக்கு முன்னால் நீளாமல், கண்களுக்கு நடுவே உள்ளே அழுத்தி வைத்த மாதிரி இருக்கும். அதற்கு மேலே கனமான தோல் மடிப்பு. கன்னச் சதை இரண்டு பக்கமும் தொங்கும். சின்னக் காதுகள் ரோஜா இதழ் போலப் பின்னால் மடங்கியிருக்கும். வால் குட்டை, சிலவற்றுக்குத் திருகாணி போலச் சுருண்டு உடம்போடு ஒட்டியிருக்கும். வெள்ளை, செம்பழுப்பு, வெளிர் பழுப்பு, வரி வரியாக என்று பல நிறங்கள் உண்டு.

முகத்தைப் பார்த்தால் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பது போலிருக்கும். சுபாவமோ பசு! குழந்தைகளிடம் அபாரப் பொறுமை. அநாவசியமாகக் குரைக்காது. காவலுக்கு என்று வாங்கினால் ஏமாந்துதான் போவீர்கள். திருடன் அதன் முகத்தைப் பார்த்து ஓடினால்தான் உண்டு.

அந்த மூக்கு எப்படி வந்தது?

பெயரிலேயே காளை இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காளையைக் கட்டிப்போட்டு அதன் மேல் நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அதற்கென்று வளர்த்ததுதான் புல்டாக். 1835-இல் அந்தக் கொடுமையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நாய்க்கு வேலை போயிற்று. பிறகு நாய்க் கண்காட்சிகள் வந்தன. 1873-இல் கென்னல் கிளப், 1875-இல் புல்டாகுக்கென்றே ஒரு கிளப். எந்த நாய்க்கு முகம் அதிகச் சப்பையோ, எதற்கு மடிப்பு அதிகமோ, அதற்கே மெச்சுதல். அப்படிப்பட்டவற்றையே ஜோடி சேர்த்துச் சேர்த்து, தலைமுறைக்குத் தலைமுறை மூக்கு உள்ளே போயிற்று. பழைய ஓவியங்களில் உள்ள புல்டாகைப் பார்த்தால் இன்றைய நாய்க்குத் தாத்தா என்றே நம்ப மாட்டீர்கள். காலும் நீளம், மூக்கும் நீளம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எலும்பு குட்டையானதே தவிர, உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குட்டையாகவில்லை. தலையணை உறைக்குள் மெத்தையைத் திணித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்தச் சின்ன முகத்துக்குள் எல்லாம் அடைந்து கிடக்கிறது. மூக்குத் துவாரம் வெறும் கீறல் மாதிரி. உள்நாக்குப் பகுதி நீண்டு தொண்டையில் தொங்குகிறது. பல புல்டாகுகளுக்கு மூச்சுக் குழாயும் உடம்புக்கு ஏற்ற அகலம் இல்லாமல் ஒடுங்கியிருக்கும்.

குறட்டை அழகா?

எங்கள் தென்னூரில் எதிர் வீட்டு அக்காவிடம் ஒரு புல்டாக் இருக்கிறது. பெயர் ரோஸி. பிள்ளை பெங்களூரில் வேலையில் இருந்தபோது ஆசையாக வாங்கினான். அடுத்த வருஷமே வெளிநாட்டு வேலை. நாயை எங்கே விடுவது? அம்மா, அப்பாவிடம்தான். பெங்களூர்க் குளிரில் இருந்தது தென்னூருக்கு வந்து சேர்ந்தது. இன்று நிறைய வீடுகளில் இதுதான் நடக்கிறது. பிள்ளை ஆசைப்பட்டு வாங்குவான், பெற்றவள் துடைத்துப் பெருக்கி வளர்ப்பாள்.

வந்த புதிதில் அக்கா பெருமையாகச் சொன்னார்: "ராத்திரி முழுக்கக் குறட்டைம்மா! எங்க வீட்டுக்காரர் தோத்தார் போ. சில சமயம் உட்கார்ந்துக்கிட்டே தூங்குது. தலையைச் சோபா விளிம்புல தூக்கி வச்சுக்கிட்டு, என்ன சமர்த்து பாரேன்!"

"அக்கா, அது சமர்த்து இல்லை. தலையைத் தொங்கப் போட்டா அதுக்கு மூச்சு அடைக்குது. அதனாலதான் மோவாயைத் தூக்கி வச்சுக்குது" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். விழித்திருக்கும்போதும் கொர் கொர்ரென்று மூச்சு விடுவது, கொஞ்ச தூரம் நடந்ததும் உட்கார்ந்துவிடுவது, சாப்பிட்டதை நுரையோடு கக்குவது, தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, இவையெல்லாம் "அந்த ஜாதிக்கே உள்ள குணம்" என்று விடக்கூடியவை அல்ல. டாக்டரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்குப் பாதத்தில் மட்டுமே கொஞ்சம் வியர்க்கும். அது உஷ்ணத்தைத் தணித்துக்கொள்வது பெரும்பாலும் இளைப்பதால்தான். நாக்கு, மூக்கு வழியாகக் காற்றுப் போய் வந்தால்தான் உள்ளே குளிரும். புல்டாகுக்கு அந்த வழியே குறுகல். இளைக்க இளைக்கத் தொண்டை வீங்கும், வீங்க வீங்க மூச்சு இன்னும் அடைக்கும். மற்ற நாய்க்கு வெறும் புழுக்கமாகத் தெரிகிற நாள், இதற்கு உயிருக்கே ஆபத்தான நாள்.

சித்திரையில் ஒரு மத்தியானம்

இரண்டு வருஷம் முன்பு, சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி. கரண்ட் போய்விட்டது. அக்கா வீட்டில் ஏ.சி. நின்று அரை மணி ஆகியிருக்கும். ரோஸி இளைக்கிற சத்தம் தெருவைத் தாண்டி என் வீட்டு ஜன்னலில் கேட்டது. ரம்பம் அறுக்கிற மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தால் ஈறு கறுஞ்சிவப்பாக இருக்கிறது, வாயில் கயிறு மாதிரி எச்சில், நிற்க முடியாமல் கால் பின்னுகிறது.

அக்கா பைப்பைத் திறந்தார். மாடித் தொட்டித் தண்ணீர், சித்திரை வெயிலில் காய்ந்து வெந்நீராகக் கொட்டியது! நல்லவேளை, இரண்டு வீட்டிலும் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தது. உடம்பு முழுக்க, முக்கியமாக வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றிக்கொண்டே இருந்தோம். அவர் விசிறினார், நான் ஊற்றினேன். வெறி பிடித்த மாதிரி இளைத்தது கொஞ்சம் அடங்கிய பிறகுதான் ஆட்டோ. போகும்போதும் ஈரத்தோடுதான், இரண்டு பக்கமும் காற்று அடிக்கட்டும் என்று. மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிப் பிழைத்தது.

சகோதரிகளே, இதை மட்டும் கத்தரித்துப் பீரோவில் ஒட்டி வையுங்கள். முதலில் குளிர வைக்க வேண்டும், பிறகுதான் வண்டி. நாயின் இயல்பான உஷ்ணம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐத் தொட்டால் மூளை, சிறுநீரகம் எல்லாமே பாதிக்கப்படும். தண்ணீர் ஊற்றிக் காற்றுப் படச் செய்யுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், சீக்கிரமே துண்டு சூடேறி உஷ்ணத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், புரை ஏறிவிடும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும். தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது.

அப்படி ஒரு நிலைமை வராமல் இருக்க:

காலை நடை ஆறரைக்குள் முடிந்துவிட வேண்டும். சாயங்காலம் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பத்து எண்ணுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். சாஸ்திரி ரோடு மாதிரி இடங்களில் பொழுது சாய்ந்து வெகு நேரம் வரை சூடு இறங்குவதில்லை. கழுத்துப் பட்டை வேண்டாம், மார்போடு மாட்டுகிற வார்ப்பட்டை போடுங்கள். நிறுத்தின காரில் ஐந்து நிமிஷம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் ஏ.சி. இல்லாவிட்டால், கரண்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்து வைக்காவிட்டால், இந்த நாயை வாங்கவே வேண்டாம்.

இன்னொன்று. ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கரைக்குப் போகிற சந்தோஷத்தில் இதையும் தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள். தலை கனம், கால் குட்டை, மூக்கோ தண்ணீருக்கு மேலே நிற்காது. பெரும்பாலான புல்டாகுகளுக்கு நீந்த வராது.

மடிப்பு, வால், கண்

கைக்குழந்தைக்குக் கழுத்து மடிப்பில் பால் வழிந்து புண்ணாகாமல் தினமும் துடைத்துவிடுவோமே, அதே வேலைதான். கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் முகத்து மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துத் துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டாவதுதான் முக்கியம். மடிப்புக்குள் ஈரம் தங்கினால் புண்தான். தேங்காய் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதையும் அப்பாதீர்கள். நாற்றம் வந்தாலோ, சிவந்தாலோ டாக்டர் கொடுக்கும் மருந்துதான்.

வால் சுருண்டிருந்தால் அதன் அடியிலும் ஒரு பள்ளம் இருக்கும். பலருக்கு அது தெரியாது. அங்கேயும் இதே போலத் துடைக்க வேண்டும். நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தால் அங்கே பாருங்கள். குளிப்பாட்டுவது மாதம் ஒன்றிரண்டு தடவை போதும், ஆனால் மடிப்பு மடிப்பாக உலர்த்த வேண்டும். விரலிடுக்கையும் மறக்காதீர்கள்.

கண்ணின் உள் மூலையில் திடீரென்று சிவப்பாக ஒரு கட்டி துருத்திக்கொண்டு வந்தால் பயப்பட வேண்டாம், தள்ளிப் போடவும் வேண்டாம். அது கண்ணீர் சுரக்கும் சுரப்பி, இடம் பெயர்ந்து வந்திருக்கிறது. அதை வெட்டி எடுக்காமல் பழைய இடத்தில் வைத்துத் தைப்பதே நல்லது. வெட்டிவிட்டால் பின்னால் கண் வறண்டுபோகலாம்.

இவையெல்லாம் எங்கோ ஒரு நாய்க்கு வருவதல்ல. லண்டனில் உள்ள ராயல் வெட்டரினரி காலேஜ் 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏதாவதொரு வியாதி வரும் வாய்ப்பு மற்ற நாய்களைவிட இதற்கு இரண்டு மடங்கு என்று கண்டார்கள். தோல் மடிப்புப் புண் மட்டும் 38 மடங்கு!

தீனி

குண்டாக இருப்பதே இதற்கு அழகு என்று நினைத்து ஊட்டுகிறவர்கள் அதன் கழுத்தை நெரிக்கிறார்கள் என்றுதான் சொல்வேன். கழுத்தில் சேருகிற கொழுப்பு மூச்சுக் குழாயைத்தான் அழுத்தும். விலாவில் கை வைத்துத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். வளர்ந்த நாய்க்குத் தினம் இரண்டு வேளை, அளந்து போடுங்கள். கீழ்த்தாடை துருத்தியிருப்பதால் அகலமான, ஆழமில்லாத தட்டு வசதி. அவசர அவசரமாக விழுங்கிக் காற்றையும் சேர்த்து முழுங்கும். விருந்தாளிகள் இருக்கும்போது அதன் பலன் தெரியும்!

கேசரி, பாயசத்தில் மிஞ்சியதைப் போடாதீர்கள். திராட்சை நாய்க்கு ஆகாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம், சாக்லேட், வெந்த எலும்பு, இவையும் கூடாது.

"ஒரு ஈத்து போட்டால் பணம் வந்துவிடும்"

ரோஸி பிழைத்து எழுந்த சில மாதத்தில் அக்கா தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டார். "பையன் போன்ல சொல்றான்மா, ஒரே ஒரு ஈத்து குட்டி போட்டா, வாங்கின காசு, வைத்தியச் செலவு எல்லாம் வந்துடுமாம். நீ என்ன சொல்றே?"

நான் கேட்டேன், "அக்கா, இது சுகப்பிரசவம் ஆகும்னு நினைக்கிறீங்களா?"

குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்போ குறுகல். 2010-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் கணக்கெடுப்பில், புல்டாக் பிரசவங்களில் 100-க்கு 86 சிசேரியன். இளைத்தாலே மூச்சு முட்டுகிற ஜீவனுக்கு மயக்க மருந்து கொடுப்பதும் சாதாரண விஷயமில்லை. பிறந்த குட்டிகளைத் தாய் மேலே உருண்டு நசுக்காமல் ராத்திரி பகலாக ஆள் காவல் இருக்க வேண்டும். அதை யார் செய்வது? போனில் சொன்னவனா?

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். பிறகு, "பெத்தவளுக்குத்தான் தெரியும். வேணாம்மா" என்றார். அந்தக் கார்த்திகையில், ஊர் குளிர்ந்த பிறகு, சென்னைக்குக் கொண்டுபோய் ஒரே மயக்கத்தில் இரண்டு ஆபரேஷனும் செய்தார்கள். கருத்தடை ஒன்று. மூக்குத் துவாரத்தைப் பெரிதாக்கி, உள்ளே தொங்கிய சதையைக் குறைத்தது இன்னொன்று. பணம் ஏராளமாகத்தான் ஆயிற்று. இப்போதும் ரோஸி ஓடியாடும் நாய் அல்ல. ஆனால் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறது. ஆபரேஷனான பத்தாம் நாள் அதைக் காட்டத்தான் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

வாங்குவதற்கு முன்

முகத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவது நம் ஊருக்குப் புதிதல்ல. 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னால் ஓடிற்று. அப்புறம் தெருவுக்குத் தெரு "ஹட்ச் நாய்" வந்துவிட்டது. அதற்கும் இதே சப்பை மூக்கு, இதே கஷ்டம். பிரெஞ்சு புல்டாகுக்கும் அப்படித்தான். வெளிநாடுகளில் இப்போதுதான் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனின் கென்னல் கிளப் 2009-இல் புல்டாக் லட்சணத்தையே திருத்தியது. நெதர்லாந்து அரசு 2019-இல், மூக்கின் நீளம் தலையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாய்களைக் குட்டி போட வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டது.

அப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்பவர்களுக்கு: குட்டியை மட்டும் பார்க்காதீர்கள், தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் சத்தமில்லாமல் மூச்சு விடுகிறதா? குட்டியின் மூக்குத் துவாரம் வட்டமாகத் திறந்திருக்கிறதா? ஐந்து நிமிஷம் விளையாடிய பிறகு காதை அருகில் வைத்துக் கேளுங்கள். கொர் என்றால் வேண்டாம். முகத்தில் மடிப்புக் குறைவாக, மூக்குக் கொஞ்சமாவது நீண்டு, வால் தாராளமாகத் தொங்குகிற குட்டிதான் தேவலை. "அசல் ஜாதி இப்படித்தான் இருக்கும்" என்று விற்பவர் எதைப் பெருமையாகக் காட்டுகிறாரோ, அதைச் சந்தேகப்படுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் பதில் இதுதான்: வேண்டாம். உங்கள் பெண்ணிடம் கோபிக்காமல், வாய் வழியாக மூச்சு விடாமல் ஒரு மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

நாய் ஆசை நல்ல ஆசைதான். நம் சீமை நாய்களுக்கு நீண்ட மூக்கு உண்டு, வெயிலும் பழக்கம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று எத்தனை! 9.1.2005-இல் தபால் இலாகா வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. ஆனால் இவை ஓட இடம் கேட்கும் நாய்கள். அடுக்குமாடி வீட்டில் அடைத்து வைத்தால் அதுவும் கொடுமைதான். ராஜபாளையம் குட்டிகளில் சிலதுக்குக் காது கேட்பதில்லை, கை தட்டிப் பார்த்து வாங்க வேண்டும். சின்ன வீட்டுக்கு, தெருவில் பிறந்த ஒரு நாட்டுக் குட்டி போதும். கால்நடை டாக்டரிடம் காட்டிக் குடற்புழு மருந்து, தடுப்பூசிகள், மூன்றாம் மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி எல்லாம் போட்டு வளருங்கள். எந்த ஜாதியானாலும் வெறிநாய்த் தடுப்பூசியை வருஷா வருஷம் மறக்காதீர்கள். உங்கள் மாநகராட்சியில் உரிமம் எடுக்க வேண்டுமா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழில் உண்ணித் தொல்லை. சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினால் போகுமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதுவரை உங்கள் வீட்டுச் செல்லம் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதன் மூச்சைக் கொஞ்சம் கவனித்து வையுங்கள்.